காதால் படித்த அக்கா

என் அக்கா செஞ்சிக் கோட்டையில் கூட்டுகிற வேலைக்குப் போகிறாள். ராஜகிரி அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை படிகளில் விழும் சருகைத் தள்ள வேண்டும். பார்க்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். நெற்களஞ்சியத்துக்குள் வௌவால் எச்சத்தைச் சுரண்ட வேண்டும். ஆறு பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்கள். காலையில் நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய கூலி. அக்காவின் கையெழுத்து பெயரின் முதல் எழுத்தும் அதை ஒட்டி ஒரு வளைந்த கோடும்தான்.

நான் செஞ்சியில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருக்கிறேன். மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டு வயது வித்தியாசத்தில் ஒரே வீட்டில் பிறந்த நாங்கள் இருவரும் இப்படி இரண்டு பக்கமாகப் போனது ஏன் என்று ரொம்ப வருஷம் நான் யோசித்ததே இல்லை. எனக்குப் படிப்பு ஏறியது, அவளுக்கு ஏறவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாவது, நான் மூன்றாவது. எல்லா வகுப்புக்கும் ஒரே அறை. வாத்தியார் அவளை எழுப்பிப் பாடம் படிக்கச் சொல்வார். நேற்று வேறு யாராவது சத்தமாகப் படித்த பாடம் என்றால் அக்கா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். புதுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தால் வாயே திறக்க மாட்டாள். அவள் கண் வரியின் மேல் ஓடாது, ஒரே இடத்தில் நின்று சிமிட்டிக்கொண்டிருக்கும். "எழுத்து நிக்க மாட்டேங்குதுடா, அசையுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். வகுப்பில் எல்லோரும் அவளை மக்கு என்றார்கள். நானும் சொன்னேன். ஆறாவதில் ஃபெயில் ஆன பிறகு அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு நைனாவோடு களை எடுக்கப் போனாள். போகச் சொன்னவர்கள் இல்லை. போகாதே என்று சொன்னவர்களும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னோடு வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் ஒலிநூல் ஆப் ஒன்றைக் காட்டினார். தினம் போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வீணாகிறதே என்று நானும் ஒரு வருஷத்துக்குச் சந்தா கட்டினேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. வல்லம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். விழிக்கும்போது கதையில் யாரோ செத்திருப்பார்கள், யார் என்று தெரியாது. பிடித்த வரிக்குக் கீழே கோடு போட முடியாது. பத்துப் பக்கம் முன்னால் என்ன சொன்னார் என்று புரட்டிப் பார்க்க முடியாது. இதைவிட எனக்கு எரிச்சலாக இருந்தது படிக்கிறவரின் குரல். நான் அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே அந்தக் குரல் அழ ஆரம்பித்துவிடும். ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன். சந்தா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் அக்காவின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து கெட்டுப்போனது. அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார், போன் இல்லாமல் முடியாது. என் பழைய போனை அவளிடம் கொடுத்தேன். அதில் இருந்த ஆப்பை அழிக்க மறந்துவிட்டேன். அவளுக்கும் எனக்கும் இடையே பெரிதாக எதுவோ நடந்தது என்றால், அது இந்த மறதியால்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாழ்க்கைப்பட்ட சிங்கவரத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். வேர்க்கடலை கொண்டு வந்திருந்தாள். என் மனைவி டீ போட உள்ளே போனதும், என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல அந்த உப்பளத்து ஊரு கதை இருக்குதா?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் கதை என்றேன்.

"கெழவர் ஒருத்தர் தன் தம்பி கடல்ல போனதச் சொல்லிக்கினே இருப்பாரே. பெருசு. கேட்டு முடிக்கவே எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு."

அந்த நாவலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை. கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"இவ்ளோ இருக்குதா? கேக்கறப்போ தெரியல."

"எப்ப கேட்ட?"

"கூட்டறப்பதான். உன் போன்ல இருந்துச்சு. மொதல்ல ரேடியோன்னு நெனச்சேன். நிறுத்துனா நிக்குது, மறுநாள் வுட்ட எடத்துலருந்து பேசுது." பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "அந்தக் கெழவர் பொய் சொல்றாரு, தெரியும் இல்ல உனக்கு?"

தெரியாது. அவள் விளக்கினாள். தம்பி போன அன்றைக்கு அமாவாசை, படகு எங்கே கட்டியிருக்கிறது என்றே தெரியவில்லை என்று கிழவர் முதலில் சொல்கிறார். ரொம்ப நேரம் கழித்து, பேத்தியிடம் பேசும்போது, தம்பி துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போனதை நிலா வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்.

"ரெண்டுல ஒண்ணு பொய். அவருக்குத் தெரிஞ்சுதான் தம்பி போயிருக்கான். இவரே அனுப்பியிருக்காரு."

புத்தகத்தை வாங்கித் தேடினேன். அமாவாசை நாற்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நிலாவைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. முந்நூறு பக்கத்துக்கு அப்பால், நான் பென்சிலால் கோடு போட்டிருந்த ஒரு பத்தியிலேயே அது இருந்தது. அழகான பத்தி என்று கோடு போட்டிருக்கிறேன். அதில் இருந்த பொய் எனக்குத் தெரியவில்லை.

நம்ப முடியாமல் ஒரு காரியம் செய்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வாக்கியத்தின் பாதியைப் படித்து நிறுத்தினேன். அக்கா மீதியைச் சொன்னாள். ஒரு சொல் முன்பின் இருந்தது, மற்றபடி அப்படியே சொன்னாள். இன்னொரு பக்கம் திறந்தேன். அதையும் சொல்லி, அதற்கடுத்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னாள். என் மனைவி டீ டம்ளர்களோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண். பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாமல் நிறத்தையும் டிரைவரையும் பார்த்து ஏறுகிறவள். அவளுக்குள் ஐந்நூறு பக்கம் கலையாமல் இருந்தது. படிகளைக் கூட்டிக்கொண்டே அதை உள்ளே வாங்கியிருக்கிறாள்.

"இன்னாடா அப்படிப் பாக்கற?" என்றாள்.

எங்கள் பள்ளிக்கு மாதம் ஒருமுறை, படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியர் ஒருவர் வருவார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சில பிள்ளைகளுக்கு எழுத்து அப்படித்தான் தெரியும், அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, அவர்களில் சிலர் காதால் வாங்குவதில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள் என்றார். "உங்க அக்காவை இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா சார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அன்று மதியம் நான் வகுப்புக்குப் போய், என்ன பாடம் நடத்தினேன் என்றே நினைவில்லாமல் நடத்தினேன்.

அதன் பிறகு அட்டைப்படங்களைத் தொட்டுத் தொட்டு அக்கா கேட்டதற்குக் கணக்கே இல்லை. வரலாறு, துப்பறியும் கதை, ஏதோ பனி தேசத்திலிருந்து தமிழுக்கு வந்த குடும்பக் கதை, தேனீ வளர்ப்பது எப்படி என்ற கையேடு வரை கேட்டாள். நல்லது கெட்டது என்று முன்கூட்டியே அவளுக்குச் சொல்ல யாரும் இல்லாததால் எல்லாவற்றையும் தானே தீர்மானித்தாள். சில குரல்களை மூன்று நிமிஷத்தில் ஒதுக்கிவிடுவாள். "இவன் படிக்கல, நடிக்கறான்" என்பாள். ஒரு பெண் குரலை மட்டும், அது எந்தக் கதையைப் படித்தாலும், பின்தொடர்ந்து போனாள்.

தொல்லைகளும் வந்தன. போன் சீக்கிரம் சூடாகி சார்ஜ் இறங்கிவிடும். மாதத்துக்குப் போட்ட நெட் இருபதாம் தேதியே தீர்ந்துவிடும். ஹெட்செட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து கடித்தது. காதுக்குள் புண் வந்தது. இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஒரு வியாழக்கிழமை நடந்தது அப்படியில்லை.

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்குப் பின்னால் ஒரு மரத்தில் பெரிய தேன்கூடு இருந்தது. யாரோ கல்லெறிந்து அது கலைந்துவிட்டது. கத்திக்கொண்டு எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அக்கா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இரண்டு காதிலும் கதை. அவளுக்குப் பக்கத்துப் பகுதியைக் கூட்டுகிற பெண், அவளும் சிங்கவரம்தான், பாதி ஓடியவள் திரும்பி வந்து சாக்கை அக்காவின் தலைமேல் போட்டு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அக்காவுக்கு ஒன்பது இடத்தில் கொட்டு. அவளுக்கு அதைவிட அதிகம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தாள்.

"சார், நீங்கதான் குடுத்தீங்களாம் அந்த போனை. நாங்க அஞ்சு பேரும் கத்தறோம். இவளுக்குக் கேக்கவே இல்ல. முன்னெல்லாம் கூட்டிக்கினே ஊரு கதை ஒலக கதை பேசுவா. இப்ப நாலு மாசமா எங்ககூட ஒரு வார்த்தை இல்ல. நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

அக்கா குனிந்துகொண்டே இருந்தாள். வீங்கிய உதட்டோடு, "தப்பு எம்மேலதான்" என்றாள். அந்தப் பெண் அழுதாள். எனக்கு அதுவரை இந்தக் கணக்கு தோன்றவே இல்லை. அக்கா ஒரு பெரிய உலகத்துக்குள் போய்விட்டாள் என்று பூரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேரை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள் என்பதை ஒரு வீங்கிய முகம்தான் எனக்குச் சொன்னது.

அதன் பிறகு வேலை நேரத்தில் ஒரு காதில் மட்டும், அதுவும் சின்ன சத்தத்தில் என்று அவளே வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பாட்டு வேளையில் போனை ஒரு தூக்குச்சட்டிக்குள் நிறுத்தி வைப்பாள். சட்டிக்குள் வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்பார்கள். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "வீட்ல இருக்குற டென்ஷன் பத்தாதா, இதுல வேற அழுவணுமா" என்று ஒருத்தி எழுந்து போய்விடுவாள். ஆனால் மறுநாள், நேற்று கடைசியில் அவள் என்ன ஆனாள் என்று முதலில் கேட்பதும் அவள்தானாம்.

ஒருநாள் இடைவேளையில் அக்கா போன் செய்தாள். "கதை பூட்டிக்கிச்சுடா."

வருஷச் சந்தா முடிந்திருந்தது. பாங்க் கார்டு மாறியதால் தானாகப் புதுப்பிக்கவில்லை. அதுவரை கேட்ட கதைகள் எல்லாம் அட்டைப்படமாக நின்றன, தொட்டால் ஒன்றும் பேசவில்லை. காசு கட்டிய வருஷம் முழுக்க அவை நம்முடையவை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு இருந்திருக்கிறோம். நான் சரிசெய்ய நான்கு நாள் ஆனது. முடிவுக்கு இரண்டு அத்தியாயம் இருந்த கதை. அந்த நான்கு நாளும் சும்மா இருக்க முடியாமல், முடிவை அக்காவே சாப்பாட்டு வேளையில் சொல்லியிருக்கிறாள். உண்மையான முடிவைக் கேட்ட பிறகு ஆறு பேரில் நான்கு பேர் அக்காவின் முடிவுதான் சரி என்றார்களாம். எனக்கும் சொன்னாள். நான் அந்த நான்கு பேரோடு சேர்ந்தவன்.

போன பங்குனியில் அக்கா கேட்டாள். "உன் கதை ஒண்ணுகூட இதுல இல்லையே, ஏன்?"

ஒலிநூலாக்க ஸ்டுடியோ, படிக்கிறவர், எடிட்டிங் என்று செலவு இருக்கிறது, என் புத்தகம் அவ்வளவு விற்கவில்லை, பதிப்பாளர் யோசிக்கிறார் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீயே படிச்சுக் குடேன். உனக்குப் படிக்கத் தெரியுமே" என்றாள்.

கோடை விடுமுறையில் மதியங்களில் படுக்கையறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, போனில் பதிவு செய்தேன். முதல் நாவல், நூற்று எண்பது பக்கம். என் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாதியில் மூச்சு நின்றது. கண்ணால் பார்க்கையில் கம்பீரமாக இருந்த சில இடங்கள் வாயில் மரக்கட்டை மாதிரி உருண்டன. பைக் சத்தம், காய்கறி வண்டி ஸ்பீக்கர் என்று திரும்பத் திரும்ப நிறுத்தினேன். வேர்வையில் நனைந்துகொண்டே ஏழாவது அத்தியாயத்துக்கு வந்தபோது வாய் தானாக நின்றது.

அந்த அத்தியாயத்தில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. கதை சொல்கிற பையனுக்கு ஒரு அக்கா. படிக்கத் தெரியாதவள். வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்துகிறார். வகுப்பே சிரிக்கிறது. பையனும் சிரிக்கிறான். ஒன்றரைப் பக்கம். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று பலர் பாராட்டிய இடம். அக்கா படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அதை அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று, கையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பத்தியைப் படித்தேன்.

எல்லாவற்றையும் அவள் போனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பேச்சே இல்லை. பிறகு பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு நானே சிங்கவரம் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"கேட்டேன்" என்றாள். "நைனா வர்ற எடமெல்லாம் அப்படியே இருக்குது. அவரு இருமறதுகூட." அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டே, "நடுவுல எதையோ வுட்டுட்ட" என்றாள்.

"எங்க?"

"பள்ளிக்கூடம் வர்ற எடத்துல. பையன் உள்ள போறான். அப்புறம் சாயங்காலம் அவன் அக்காவைப் பாக்க முடியாம தெரு மாத்திப் போறான்னு சொல்ற. ஏன் தெரு மாறணும்? அதுவும் இல்லாம அங்க உன் கொரலு அவசரமா ஓடுது. மூச்சு வாங்கிட்டுப் பேசற."

மூன்று எடிட்டர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் ஒட்டு. கூட்டிக்கொண்டே ஒற்றைக் காதில் கேட்டவள் பிடித்துவிட்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. பையில் புத்தகம் இருந்தது. எடுத்து, அந்த ஒன்றரைப் பக்கத்தை அவள் முன்னால் உட்கார்ந்து படித்தேன். நான் இதுவரை எந்த மேடையிலும் அவ்வளவு பயந்து படித்ததில்லை. மக்கு என்ற அந்தச் சொல் வந்தது. அதையும் படித்தேன்.

அக்கா ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் அழுவாள் அல்லது எழுந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாசகர் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எல்லாரும் பேசறாங்க. வாத்தியார் பேசறாரு, பையன் பேசறான், சிரிக்கற பசங்ககூட பேசுது. அந்தப் பொண்ணு ஏன் ஒண்ணுமே பேசல?"

"எனக்குத் தெரியலக்கா. அவ இன்னா பேசியிருப்பான்னு தெரியல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பா" என்றாள். கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

"இப்ப கேக்கறேன்" என்றேன்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அறையின் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தது, வாத்தியாரின் செருப்பில் எந்த வார் அறுந்திருந்தது, யார் முதலில் சிரித்தார்கள், அப்போது வெளியே எந்த வண்டி போனது, அந்தப் பெண் கையில் இருந்த பக்கத்தில் என்ன படம் இருந்தது, அந்தப் படத்தை வைத்து அவள் தனக்குள்ளே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு சிரிப்புச் சத்தம் கேட்காமல் எப்படி நின்றிருந்தாள் என்று. கதையையும் சொன்னாள். அது ஒரு ஆட்டுக்குட்டி கிணற்றுக்குள் இறங்கிப் போகிற கதை. நான் போனை எடுத்துப் பதிவு செய்யவில்லை. எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம். கை கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், நான் எழுத்தைத் தேடி எங்கெங்கோ போயிருக்கிறேன். வெயில் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

இப்போது என் நாவல் கோட்டையில் வேலை செய்கிற ஆறு பேரின் போனிலும் இருக்கிறது, அந்த ஒன்றரைப் பக்கத்தோடு. என் குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது என்பது அவர்களுடைய பொதுவான அபிப்பிராயம். அடுத்த கதையை அக்காவே படிக்கட்டும் என்றாளாம், அன்றைக்குச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்த பெண். "அவளுக்குப் படிக்கத் தெரியாதே" என்று இன்னொருத்தி சொன்னதற்கு, "அப்போ சொல்லட்டும், சார் எழுதிக்கட்டும்" என்றிருக்கிறாள். நான் அக்காவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.